எடைக்கு எடை சீனி

1. மதுரையிலிருந்து ஒரு குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து என் சித்தியைப் பெண் பார்த்தது.

2. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள்.

3. கொஞ்சம் இளைத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்கள்.

4. இளைக்க வைக்கும் பொறுப்பு என் அம்மாவுக்கு வந்தது. சித்தி ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

5. பழைய நேர்த்திக்கடன் ஒன்றுக்காகச் சித்தி கோவில் தராசில் ஏறி உட்கார்ந்தாள்.

6. தட்டு எழும்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நான் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எதில் பிசகு வந்தாலும் நடந்ததை முதலில் வரிசையாக எழுது, காரணத்தைப் பிறகு தேடு என்று பழக்கியிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். காரணத்துக்கு வரும்போதுதான் எனக்கு நிதானம் தவறுகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் ஒரு மாமா. தாத்தா பால்கோவா போடுகிறவர். வீட்டின் முன்பக்கம் கடை, பின்கட்டில் அடுப்பு. அகலமான இரும்புச் சட்டியில் காலையிலிருந்து பால் சுண்டிக்கொண்டே இருக்கும். சட்டி ஓரத்தில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்டித் தின்றுதான் அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்தார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரிதான் தின்றார்கள். ஆனால் சித்தி தின்றது மட்டும்தான் ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டது.

சித்தி எத்தனை கிலோ இருந்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர் மனதுக்குள் உடனே ஒரு தீர்ப்பு ஓடும். நிறைந்த பால் கேனைக் கடை வாசலிலிருந்து பின்கட்டு வரைக்கும் இடையில் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டு வருவாள். அது தெரிந்தால் போதும்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சித்தி காப்பி கொடுத்துவிட்டு நின்றாள். தாத்தா மந்தார இலையில் சூடான பால்கோவாவை வைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா அதை ரசித்துச் சாப்பிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டே தாத்தாவிடம் சொன்னார்.

“பொண்ணு முகம் லட்சணமா இருக்கு அண்ணாச்சி, குறையே சொல்ல முடியாது. கொஞ்சம் உடம்பு வத்துனா போட்டோவுக்கு எடுப்பா இருக்கும். தைக்குத்தான நிச்சயம், அதுக்குள்ள வத்திரும்.”

புளிக்கு விலை பேசுகிற குரல்தான். கோபமோ ஏளனமோ அதில் இல்லை. சித்தி அங்கேயே, கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தாத்தா சரி என்று தலையாட்டினார். மாப்பிள்ளைக்கு அந்த வயதிலேயே சட்டையின் நடுப் பொத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. வசதியான வீட்டுப் பையன் அப்படித்தான் இருப்பான் என்று மாமா சமையலறைக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

ஊர்க்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் முதலில் சொல்வது ஆண்டாள் தேரைப் பற்றித்தான். எம்புட்டுப் பெருசு, எம்புட்டுக் கனம், இழுக்க எத்தனை ஆள் வேண்டும் என்று கண்ணை விரித்துச் சொல்வார்கள். அந்தத் தேர் சுற்றுகிற அதே வீதியில் ஒரு பெண் நடந்து போனால், கனத்தைப் பற்றிய அவர்கள் கருத்து தலைகீழாக மாறிவிடும்.

சித்தி பால் வாசனையே இல்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவாகி, பேருந்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். சித்தி விளையாட வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். விடிந்ததும் எழுப்பி என்னையும் நடக்கக் கூட்டிப்போவார்கள். சஞ்சீவி மலை அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்புவோம். வழியில் யாராவது கட்டிவைத்த நாயைத் தடவிக்கொடுக்கச் சித்தி நின்றால், நிற்காமல் நட என்று அம்மா பின்னாலிருந்து சொல்வாள்.

வீட்டுக்கு வந்ததும் சித்திக்கு வெந்நீரில் எலுமிச்சம்பழம். மதியம் கொள்ளு ரசமும் ஒரு கரண்டிச் சோறும். ராத்திரிக்குச் சப்பாத்தி, அதுவும் எண்ணெய் தொடாமல். தீபாவளிக்குத் தாத்தா கொடுத்தனுப்பிய பால்கோவாவை அம்மா பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள். அந்த வருஷம் அம்மா எந்த விசேஷத்துக்குப் போனாலும் சேலையில் நெய் மணந்தது.

இதில் என் பங்கும் உண்டு. நான் எலும்பும் தோலுமாக இருந்தேன். பிள்ளை தேறவே மாட்டேங்குது என்று அம்மாவுக்குக் கவலை. ஒரே அடுக்களையில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில், எனக்கு இரண்டு கரண்டி நெய், சித்திக்கு ஒன்றுமில்லை. நெய்க்கரண்டி சித்தியின் தட்டுக்கு மேலாகத்தான் என் தட்டுக்கு வரும். நான் வேண்டாம் என்று அழுவேன். சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டு கொள்ளு ரசத்தைக் குடிப்பாள். மிச்சம் வைத்தால் அதையும் நானே தின்று முடிக்க வேண்டும்; சித்திக்குக் கொடுக்கக் கூடாது. இன்று நினைத்தால், அந்தத் தட்டுகளுக்கு முன் உட்கார்ந்திருந்த இரண்டு பேரிடமும் பசிக்கிறதா என்று அம்மா ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூவரும் பேருந்து நிலையத்துக்குப் போவோம். அங்கே ஆளுயர எடை மெஷின் ஒன்று நின்றது. காசு போட்டால் உள்ளே சக்கரங்கள் சுழன்று, பல்புகள் மின்னி, ஒரு சின்ன அட்டைச் சீட்டு கீழே விழும். சீட்டின் ஒரு பக்கம் நடிகர் படம். மறுபக்கம் எடையும், உங்களுக்கு வெளிநாட்டு யோகம் உண்டு என்பது போல ஒரு வரியும் இருக்கும். சீட்டை எடுக்கும் உரிமை என்னுடையது. அம்மா எடையைப் படித்துவிட்டுக் கொடுப்பாள். அதற்குப் பிறகு நடிகர் எனக்கு.

முதல் சில வாரங்கள் எடை இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. சித்தி அதே கொள்ளு ரசத்தைத்தான் குடித்தாள், அதே தூரம் நடந்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாடியில் துணி காயப்போட்டவள் கண் இருட்டுகிறது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எடை மட்டும் இறங்கவில்லை. பசியில் கிடக்கும் உடம்பு தன்னிடம் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“ஏட்டி, உண்மையைச் சொல்லு. எங்க ஒளிச்சு வச்சுத் திங்க?”

அம்மா சித்தியின் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள், தலையணை உறைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இல்லை என்பதற்காக அம்மா மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அத்தை, சிலருக்குக் காற்றுக் குடித்தாலே உடம்பு ஏறும் என்று சமாதானம் சொல்லிப் போனார். அன்று சித்தி அழுததாக எனக்கு நினைவில்லை. தலையணையைத் திரும்ப உறைக்குள் போட்டு, நான்கு மூலையையும் நிதானமாக இழுத்துச் சரி செய்தது நினைவிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மெஷினில் ஏறியபோது சித்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். என் தோள்மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்த வாரம் எடை கொஞ்சம் குறைந்திருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்குக்கூட ஒரு ஐஸ் கிடைத்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் சித்திக்கு நான் பக்கத்தில் வேண்டும். அம்மா சீட்டு விழும் இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சித்தியின் உள்ளங்கை என் தோளில் இறங்கும். மின்னுகிற பல்புகளுக்குச் சித்தி பயப்படுகிறாள் போல என்று நினைத்து, நான் காலை ஊன்றி நேராக நிற்பேன். வாரத்துக்கு வாரம் சீட்டில் எடை இறங்கியது. சித்தி இளைக்க இளைக்க அவள் கை கனத்தது. என்மேல் சித்திக்குப் பாசம் கூடிக்கொண்டே போகிறது என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

இனி அந்த நேர்த்திக்கடன். சித்தி எட்டாம் மாதத்தில் பிறந்தவள். உள்ளங்கை நீளம்தான் இருந்தாளாம். பஞ்சுக்குள் பொதிந்து வைத்திருந்தார்களாம். இந்தப் பிள்ளை பிழைத்துவிட்டால், கல்யாணத்துக்கு முன்னால் இவள் எடைக்கு எடை சீனி கொடுக்கிறேன் என்று மலையடிவாரத்துப் பெருமாளிடம் தாத்தா வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. ஒவ்வொரு முறை எடை கூடியபோதும் அந்த வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கன்னம் உப்பிவிட்டது, தொடையில் மடிப்பு விழுந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னார்கள். இவள் உடம்பு தேற வேண்டும் என்று சாமியிடம் கேட்ட அதே வாய்கள்தான் இருபத்து நான்கு வருஷம் கழித்து இவள் உடம்பு வற்ற வேண்டும் என்று கேட்டன. இரண்டு முறையும் சித்தியை யாரும் கேட்கவில்லை. முதல் முறை கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. இரண்டாம் முறை முடியும்.

துலாபாரத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரையும் அழைப்பது மாமாவின் யோசனை. எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்பதை அவிய கண்ணாலேயே பார்க்கட்டும், பிறகு பேச்சுக்கு இடமிருக்காது என்றார். கடைசி வெள்ளிக்கிழமைச் சீட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய், அதில் இருந்த எடைக்குச் சீனியும், சாமி காரியம் என்பதால் மேலே ஒரு கை கூடுதலும் வாங்கினார். அந்தச் சீட்டில் இருந்த நடிகரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். திருப்பித் தருகிறேன் என்றார். தரவே இல்லை.

கோவில் மண்டபத்தில் தராசு தொங்கியது. இரும்புச் சங்கிலியில் இரண்டு பெரிய மரத்தட்டுகள், மாலை சுற்றியிருந்தது. மாமா சீனி மூட்டைகளை ஒரு தட்டில் அடுக்கினார். மறுதட்டில் சித்தி பட்டுச்சேலையும் நகையுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பிடித்திருந்த கையைக் கோவில்காரர் விட்டார். சித்தியின் தட்டு டொக்கென்று கல்தரையில் உட்கார்ந்தது. சீனி மூட்டைகள் மேலே போய் அங்கேயே நின்றுகொண்டன.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பட்டும் நகையும் கனம் என்றார்கள். அம்மா நகைகளைக் கழற்றச் சொன்னாள். வளையல், ஆரம், ஜிமிக்கி என்று ஒவ்வொன்றாகச் சித்தி கழற்றித் தர, அம்மா முந்தானையில் வாங்கினாள். தட்டு அசையவில்லை. பூஜைக்கு வாங்கிய வாழைத்தாரைச் சீனியின் மேல் வைத்தார்கள். தேங்காய்களை வைத்தார்கள். அசையவில்லை. சிரிப்பு நின்றது. தலையிலிருந்த பூவையும் எடுத்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். மல்லிகைப்பூ எவ்வளவு கனம் இருக்கும்? அதையும் எடுத்தார்கள்.

எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. சித்தி எடை பார்க்கும்போது நான் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். கூட்டத்தில் நுழைந்து போய்த் தட்டின் அருகில், வழக்கம்போல இடது பக்கம், தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு கையில் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. சித்தி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்ததாகத் தோன்றியது. அவள் கை மடியிலேயே இருந்தது.

“வேண்டாம்ட்டி. தள்ளி நில்லு” என்றாள். பிறகு, “கையில என்னது? பொங்கலா? அதக் குடு.”

கொடுத்தேன். சித்தி தராசுத் தட்டில் உட்கார்ந்தபடியே, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, என் அம்மா பார்க்க, சாப்பிட ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. முந்திரியைத் தனியாக எடுத்து வாயில் போட்டாள். நெய் விரலிடுக்கில் வழிந்ததை நக்கினாள். மூன்று மாதத்தில் சித்தி வயிறார ஒன்றைத் தின்று நான் பார்த்தது அன்றுதான். ஏட்டி, ஏட்டி என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டாள். சித்தி நிமிரவில்லை. எனக்கோ அழுகை வந்துவிட்டது. சித்தி நிலைமையைப் பார்த்துப் பிள்ளை அழுகிறது என்று ஒரு மாமி என்னைத் தூக்கிக்கொண்டார். நான் அழுதது பொங்கலுக்காகவும், சித்தி என் தோளை வேண்டாம் என்றதற்காகவும்.

இதற்குள் மாமா மெல்லச் சீனித் தட்டின் பக்கம் போய், யாரும் பார்க்காத மாதிரி அதைக் கையால் கீழே அழுத்தத் தொடங்கினார். தாத்தா பார்த்துவிட்டார்.

“கையை எடுலே. எம்மவ எம்புட்டு இருக்காளோ அம்புட்டும் குடுக்கணும். போய் இன்னொரு மூட்டை வாங்கிட்டு வா.”

சொல்லிவிட்டுத் தாத்தா சிரித்தார். கண்ணில் தண்ணீர். பஞ்சுக்குள் கிடந்தவள் சீனி பத்தாத அளவுக்கு ஆகிவிட்டாள் என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த மண்டபத்தில் சித்தியின் எடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் தாத்தாவை நான் விட்டுவிடப் போவதில்லை. தலையாட்டி அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான்.

தட்டு சமமாகும் வரை இறங்கக் கூடாது என்பதால், மாமா வண்டியில் ஊருக்குள் போய்த் திரும்பும் வரை சித்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் வந்து, கோபமே இல்லாமல், நாங்க வாரோம் என்றார். சாமி சந்நிதியிலேயே தெரிஞ்சு போச்சே என்று படியிறங்கும்போது யாரிடமோ சொன்னது எல்லாருக்கும் கேட்டது. மாமா கொண்டுவந்த மூட்டையில் கொஞ்சம் அள்ளிப் போட்டதுமே தட்டு எழும்பியது. அதைப் பார்க்க அவர்கள் இல்லை. மறுநாள் தரகர் மூலம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் குற்றவாளிகள் ஆனார்கள். ஒன்று சித்தி. மற்றது பேருந்து நிலைய மெஷின். அதன் சொந்தக்காரன் யாரென்று தெரிந்தால் உதைப்பேன் என்று மாமா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது பொய் சொன்னால் பஸ் ஸ்டாண்ட் மெஷின் என்றுதான் சொல்வார்கள். அப்போதெல்லாம் சித்தியும் சேர்ந்து சிரிப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூல் எடை பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மூச்சுக்காற்று பட்டாலும் அளவு மாறும். நூலில் தடித்த இடம் வந்தால் பழுது, மெலிந்த இடம் வந்தாலும் பழுது. பேண்டேஜ் துணிக்கு ஒரு நூல், வேட்டிக்கு வேறு நூல். எதற்கு என்று தெரியாமல் எந்த நூலையும் நாங்கள் மெலிய வைப்பதில்லை. போட்டோவுக்கு என்று யாரும் ஆர்டர் கொடுத்ததும் இல்லை. அன்று நான் எழுதிக்கொண்டே தராசை ஒட்டி மேஜையில் கையை ஊன்றினேன். மேலாளர் சத்தம் போட்டார். எண் மாறியிருந்தது. கையை எடுத்தேன், பழையபடி வந்தது. மறுபடி ஊன்றினேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டிருக்க, நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் இடது தோள் கனத்தது.

அன்று சாயங்காலம் சித்திக்குப் போன் செய்தேன். பஸ் ஸ்டாண்டில என் தோள்ல கை வப்பீங்களே சித்தி என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் சட்டியில் கரண்டி உரசும் சத்தம் நின்றது.

“வலிச்சுச்சாட்டி?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். கரண்டி மறுபடி உரசத் தொடங்கியது.

இப்போதைய நிலை இது. சித்திக்கு இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணமானது. அவர் அவள் எடையைப் பற்றிப் பேசாதவர். தாத்தாவின் அடுப்பை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பதம் பார்க்கப் பால்கோவாவை விரல் நுனியில் எடுத்து உருட்டுவாள். உருட்டியதைத் துணியில் துடைத்துவிடுவாள். நாக்கில் வைப்பதில்லை.

என்னைப் பெண் பார்க்க அடுத்த மாதம் வருகிறார்கள். அம்மா கண்ணாடித் தட்டு வைத்த எடை மெஷின் ஒன்று வாங்கி என் அறை வாசலில் வைத்திருக்கிறாள். நான் அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். இதுவரை ஏறவில்லை.